கானகத்துக்குப் படியளப்பவர்கள்

1974 பிப்ரவரி 18 அன்று டெல்லியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் இந்திய அரசிடம் ஒரு காசோலையைக் கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய். அதுவரை எழுதப்பட்ட காசோலைகளிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் அது இடம்பிடித்தது. அத்தனையும் கோதுமைப் பணம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பி.எல்.480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் கப்பல் கப்பலாக வந்திறங்கிய கோதுமைக்கு இந்தியா டாலரில் பணம் கொடுக்க முடியாமல் ரூபாயாகக் கட்டியது. அந்த ரூபாய் அமெரிக்காவின் பெயரில் இங்கேயே குவிந்து கிடந்தது. ரேஷனில் அரிசி கிடைக்காமல் கோதுமை வாங்கித் தின்ற தலைமுறைக்கு இதுவரை தெரிந்த கதைதான். காசோலையாகத் திரும்பியது போக மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கு நம் ஊர்ப் பறவைகளுக்கும் யானைகளுக்கும் போனது என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்கா 1973-இல் இயற்றிய அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில் 8-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. உணவு உதவியால் வெளிநாடுகளில் சேர்ந்திருக்கும் உள்ளூர்ப் பணத்தை அந்தந்த நாட்டின் உயிரினங்களைக் காக்கவே செலவிடலாம் என்று அது அனுமதிக்கிறது. அந்த வழியாக அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் ரூபாய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வந்தது. எண்பதுகளில் ராஜஸ்தானின் பரத்பூரிலும் நம் கோடியக்கரையிலும் பறவைகளின் வலசையை ஆராய்ந்த பெரும் திட்டம் அதில் நடந்தது.

வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டிய சதுப்பில் நடந்த அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்து வாழ்ந்த மீர்ஷிகார் சமூகத்தாரை அழைத்து வந்திருந்தார்கள். இறகு ஒன்றுகூட உதிராமல் பறவையைப் பிடிக்கும் கை அவர்களுடையது. சைபீரியாவிலிருந்து வந்து இறங்கிய கொசு உள்ளான் ஒன்று வலையில் சிக்குகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. துணிப்பையில் போட்டு எடை பார்க்கிறார்கள். சிறகை நீட்டி அளக்கிறார்கள். இறகு புதிதா பழசா என்று பார்த்துக் குறிக்கிறார்கள். பிறகு காலில் ஒரு அலுமினிய வளையம். அதில் ஒரு எண்ணும், பம்பாய்க்குத் தகவல் தரச் சொல்லும் ஒரு வரியும். வளையத்தை இறுக்கிவிட்டுப் பறவையைப் பறக்க விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ ஒருவர் அந்த எண்ணைப் படித்துக் கடிதம் எழுதினால், ஒரு வலசைப் பாதை தெரியவரும்.

முதுமலைக்கும் அந்தப் பணம் வந்தது. அஜய் தேசாய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் யானைகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஒரு யானைக் கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் சுற்றி வருகிறது, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் என்ற எல்லைக்கல்லை அது மதிப்பதில்லை என்பதை எண்ணும் வரைபடமுமாகக் காட்டினார்கள். இன்று யானை வழித்தடம் என்று நாம் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசுவதற்கு அடியில் இப்படிப்பட்ட வருடக்கணக்கான அலைச்சல் இருக்கிறது.

ஒரு நாட்டின் அரசு, தன் மக்களின் வரிப்பணத்தை இன்னொரு நாட்டின் காட்டு விலங்குக்காக ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் அதை யார் வாங்குகிறார், யாருக்குக் கணக்குச் சொல்கிறார்? நடுவழியில் நிறுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் 2025-இல் திடீரென்று உலகத்தின் முன் வந்து நின்றன. அவற்றுக்கான விடைகளில் பாதி ஏற்கெனவே நம் ஊர்க் கதைக்குள்ளேயே இருக்கிறது.

ஏனென்றால் அதே கோதுமைக்கு ஒரு கயிறும் கட்டியிருந்தது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தபோது, 1965-க்குப் பிறகு அதிபர் லிண்டன் ஜான்சன் கோதுமையை மாதாமாதம் அளந்து அளந்துதான் விட்டார். பறவைப் பணத்துக்கும் ஒரு கறை உண்டு. மீன் மற்றும் வனவிலங்குத் துறை வருவதற்கு முன், அறுபதுகளில் பறவையியலாளர் சாலிம் அலி நடத்திய வளையமிடும் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவத்தின் நோயியல் ஆய்வுப் பிரிவு பணம் கொடுத்திருந்தது. பறவைகளின் உண்ணியும் ரத்தமும் ஆராயப்பட்டன. கிருமிப் போருக்கான ஒத்திகையோ என்று எழுபதுகளில் பத்திரிகைகளில் சந்தேகம் கிளம்பி, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை விவகாரம் போனது. சாலிம் அலி கடைசி வரை அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து, பறவையின் காலில் பூட்டிய வளையம்கூட விசாரணைக்கு உள்ளாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

ஐந்து சட்டங்கள், ஒரு தபால்தலை

1979-இல் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். பத்தே ஆண்டில் அது ஏறத்தாழ 6 லட்சமாகச் சரிந்தது. தந்தத்துக்காகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆப்பிரிக்க யானைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தி அமெரிக்கா 1989 ஜூனில் தந்த இறக்குமதியை நிறுத்தியது. ஜூலையில் கென்ய அதிபர் டேனியல் அராப் மோய் நைரோபியில் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீவைத்தார். அக்டோபரில் லோசானில் கூடிய நாடுகள் உலக அளவில் தந்த வணிகத்துக்குத் தடை விதித்தன.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது: யானை வாழும் நாடுகளுக்குச் சிறு சிறு மானியம். அது பலன் தருவதைப் பார்த்து, 1994-இல் காண்டாமிருகத்துக்கும் புலிக்கும் ஒரு சட்டம், 1997-இல் ஆசிய யானைக்கு, 2000-இல் வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு, 2004-இல் கடலாமைக்கு என்று ஐந்து சட்டங்கள் ஆயின. 2011-இல் அமெரிக்கத் தபால் துறை புலிக்குட்டி படம் போட்ட தபால்தலை ஒன்றை வெளியிட்டது. வழக்கமான விலைக்கு மேல் மக்கள் கொடுக்கும் சில சென்ட்டுகள் இந்த நிதிக்குப் போய்ச் சேரும்.

தொகையைக் கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஐந்து சட்டங்களுக்கும் சேர்த்து அண்மை ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர். நம் கணக்கில் 170 கோடி ரூபாய் அளவு. புலிக்கும் யானைக்குமான திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் இந்திய அரசு ஒதுக்கியது 290 கோடி ரூபாய். ஆக, உலகம் முழுவதிலும் உள்ள யானை, காண்டாமிருகம், புலி, கொரில்லா, கடலாமை எல்லாவற்றுக்கும் அந்தப் பெரிய நாடு இந்தச் சட்டங்கள் வழியே கொடுத்தது, நாம் நம் இரண்டு விலங்குகளுக்கு ஒதுக்குவதைவிடக் குறைவு. ஆனாலும் அந்தச் சிறு மானியம் விழும் இடம் முக்கியமானது. ரோந்து போகிறவருக்கு பூட்ஸ், வண்டிக்கு டீசல், வயர்லெஸ் கருவி, யானைக் கணக்கெடுப்பு, பயிர் அழிந்த கிராமத்தில் மின்வேலி. எந்த நாட்டு நிதி அமைச்சகமும் முதலில் வெட்டுகிற செலவுகள் இவை. பெரிய நிறுவனங்களின் விளம்பரப் படங்களில் இவை தெரிவதில்லை.

நமீபியாவின் மஞ்சள் அட்டைகள்

வெளிநாட்டுப் பணம் ஒரு நாட்டில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது நமீபியாவைத்தான். 2022 செப்டம்பரில் குனோ பூங்காவுக்கு எட்டு சிவிங்கிப்புலிகளை அனுப்பிவைத்த நாடு என்று நமக்கு அறிமுகமான நாடு அது. அந்த அளவோடு நம் செய்தித்தாள்கள் நிறுத்திக்கொண்டன. கொடுப்பதற்கு அவர்களிடம் எப்படிச் சிவிங்கிப்புலி மிஞ்சியிருந்தது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எண்பதுகளின் தொடக்கத்தில் நமீபியா தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிடியில் இருந்தது. வடமேற்கில் குனேனே என்று இன்று அழைக்கப்படும் வறண்ட நிலத்தில் பெரும் பஞ்சம். ஹிம்பா, ஹெரேரோ மக்களின் மாடுகள் செத்து விழுந்தன. கருப்புக் காண்டாமிருகமும் பாலைவன யானையும் துப்பாக்கிகளுக்கு இரையாயின. கார்த் ஓவன்-ஸ்மித் என்ற பாதுகாவலர் அங்குள்ள தலைவர்களிடம் போய்ப் பேசினார். விலங்கு போனால் உங்கள் நிலத்தின் செல்வம் போகிறது, காவலுக்கு உங்கள் ஆட்களை நீங்களே நியமியுங்கள் என்றார். தலைவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் முன்பு வேட்டையாடியவர்களும் இருந்தார்கள். கூலி என்று கொடுத்தது சோளமாவும் சிறு தொகையும். தலைவருக்குக் கணக்குச் சொல்லும் காவலர்கள் அவர்கள்; அரசாங்கத்துக்கு இல்லை. அந்த ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஓவன்-ஸ்மித்தும் அவரோடு உழைத்த மானுடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனும் 1993-இல் கோல்ட்மன் விருது பெற்றார்கள்.

1990 மார்ச் 21 அன்று நாடு விடுதலை பெற்றது. 1993-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்ட் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அது 2008 வரை தொடர்ந்தது. பதினைந்து ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான உதவித் திட்டங்கள் மூன்று ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ மூட்டை கட்டிவிடும். 1996-இல் நமீபிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பொதுநிலத்தில் வாழும் மக்கள் ஒன்றுகூடி, எல்லை வரைந்து, குழு அமைத்து, தங்கள் சமூகக் காப்பகத்தைப் பதிவு செய்யலாம். அங்கே வாழும் விலங்கால் வரும் வருமானம் அவர்களுடையது. 1998-இல் நயே நயே, சலாம்பாலா, டோரா உள்ளிட்ட முதல் நான்கு காப்பகங்கள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்தக் காவலர்கள் வேலை பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 2000 வாக்கில் அங்கே ஒரு பதிவேட்டு முறை வந்தது. ஒவ்வொரு காவலரிடமும் கையடக்கமான கோப்பு ஒன்று. உள்ளே மஞ்சள் அட்டைகள். கண்ணி கண்டால் ஓர் அட்டை, செத்த விலங்குக்கு ஓர் அட்டை, சிங்கம் ஆட்டை அடித்தால் இன்னொன்று. எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களும் படத்தையும் கட்டங்களையும் பார்த்துக் குறிக்கலாம். மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கை அலுவலகத்தில் உள்ள நீல நிற அட்டவணைக்கு ஏறும். ஆண்டு முடிவில் சிவப்பு நிற அட்டவணைக்கு. எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்வது கிராமம். தாள்கள் கிராமத்திலேயே இருக்கும். தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து வரும் அதிகாரிக்கு நகல்தான். நம் மலைக் காடுகளில் இருபது ஆண்டாகத் தற்காலிகப் பணியிலேயே கிடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடம் இருக்கும் அறிவை நாம் எந்த அட்டையில் எழுதி வைத்தோம்? அவர்கள் பார்த்ததெல்லாம் வேறொருவர் கையெழுத்திட்ட அறிக்கைக்குள் பெயரில்லாமல் போய்விடுகிறது.

பலன் தெரிந்தது. 1995-இல் சுமார் 7,500 ஆக இருந்த நமீபிய யானைகள் இருபது ஆண்டில் 20,000-ஐத் தாண்டின. வேலியில்லாத பொதுநிலத்தில் கருப்புக் காண்டாமிருகம் இன்றும் நடமாடுகிறது. டோரா காப்பகம் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, சில ஆண்டுகளிலேயே தன் காவலர்களின் சம்பளத்தைத் தன் வருமானத்திலிருந்தே கொடுக்கும் நிலைக்கு வந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. யானை தண்ணீர்த் தொட்டியை உடைக்கிறது. வறட்சி வந்தால் சிங்கம் பட்டிக்குள் நுழைகிறது. வருமானத்தில் ஒரு பங்கு வெளிநாட்டார் கட்டணம் கட்டி நடத்தும் வேட்டையிலிருந்து வருகிறது; அதை எப்படிப் பார்ப்பது என்பதில் உலகம் இரண்டுபட்டு நிற்கிறது, என் மனமும் அதில் ஒப்பவில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமை குனேனேயில் சிங்கத்தோடு வாழ்பவர்களுக்கு என்னைவிட அதிகம். 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும் சுற்றுலா வருமானம் ஒரே மாதத்தில் வற்றியது. அரசும் கொடையாளர்களும் அவசர நிதி திரட்டிக் காவலர்களின் சம்பளத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். சுற்றுலாவை மட்டும் நம்பினால் போதும், அரசுப் பணம் தேவையில்லை என்ற வாதத்துக்கு அந்த ஆண்டு கொடுத்த பதில் போதுமானது.

பணம் போன இடத்தில் தடி

இதே பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

காங்கோ படுகைக் காடுகளில் பாக்கா என்ற வேட்டுவ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் அரசுப் பணம் பெரிய பாதுகாப்பு நிறுவனங்கள் வழியாக அங்குள்ள பூங்காக்களுக்குப் போனது. சீருடையும் பயிற்சியும் பெற்ற காவலர்கள் அந்த மக்களை அடித்தார்கள், குடிசைகளை எரித்தார்கள், காட்டுக்குள் நுழையவிடாமல் விரட்டினார்கள் என்ற புகார்கள் நெடுநாளாக வந்துகொண்டிருந்தன. 2019-இல் பஸ்ஃபீட் நியூஸ் செய்தி நிறுவனத்தின் புலனாய்வு, உலக வனவிலங்கு நிதியத்தின் (டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) ஆதரவு பெற்ற காவலர்கள் மீதான சித்திரவதை, பாலியல் வன்முறை, கொலைக் குற்றச்சாட்டுகளை உலகத்தின் முன் வைத்தது. காங்கோவிலிருந்து நேபாளம் வரை அந்தப் பட்டியல் நீண்டது.

விசாரிக்க அமைக்கப்பட்ட தனிக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறிக் காலத்தில் வழக்கறிஞராகப் போராடியவர். ருவாண்டா இனப்படுகொலைக்கான தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். அவருடைய குழு 2020 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஊழியர்கள் நேரடியாகக் கொடுமை செய்ததற்கோ தூண்டியதற்கோ ஆதாரம் இல்லை என்றது. அதே சமயம், புகார்கள் தெரிந்திருந்தும் பல இடங்களில் உரிய நடவடிக்கை எடுக்காமல் ஆதரவைத் தொடர்ந்ததையும், தன் சொந்த மனித உரிமைக் கொள்கைகளையே களத்தில் நிறைவேற்றத் தவறியதையும் பதிவு செய்தது.

அந்த ஆண்டே அமெரிக்க உள்துறை அமைச்சகம், வனவிலங்கு நிதியில் 1.2 கோடி டாலருக்கு மேலான தொகையை மத்திய ஆப்பிரிக்கப் பணிகளுக்கு விடாமல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் காங்கோ குடியரசின் மெஸோக் ஜா பூங்காத் திட்டத்துக்கான உதவியை நிறுத்திவைத்தது. அந்த நிறுத்தம் சரியானது. பணம் கொடுக்கும் அரசு வெறும் கைச்சாத்து வாங்கிக்கொண்டு ஒதுங்க முடியாது. தன் மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய தடி யார் முதுகில் விழுகிறது என்பதும் அதன் பொறுப்புதான். கேள்வி கேட்டு, காரணம் சொல்லி, திருத்துவதற்கு வழி வைத்து நிறுத்திய பணம் அது. அதற்குப் பின் 2025-இல் நடந்தது வேறு வகை.

ஒரே கையெழுத்தில்

2024 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புக்கான தனி அறக்கட்டளை ஒன்றை உருவாக்கும் சட்டம், பாதுகாப்புத் துறைச் சட்டத்தோடு சேர்ந்து கையெழுத்தானது. பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரை அரசு கொடுக்கலாம். அதற்கு ஈடாகத் தனியாரும் போட வேண்டும். இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம். காடுகளுக்கு இனி நீண்டகாலப் பணம் வரும் என்று நம்பினார்கள்.

ஒரு மாதம் ஆகவில்லை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாள் நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். நடந்துகொண்டிருந்த பணிகளை அப்படியே நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் பறந்தன. யுஎஸ்எய்ட் மட்டும் உயிரினப் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு வந்தது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளுக்கான அதன் திட்டம் 1995 முதல் நடந்து வந்த ஒன்று. மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் வெளிநாட்டு மானியங்களும் முடங்கின. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்ட் என்ற முகமையே இல்லாமல் போனது.

உதவி கொடுப்பதும் மறுப்பதும் ஒரு நாட்டின் உரிமை. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் கேட்பது கால அவகாசத்தைப் பற்றி. சாலை போடும் திட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் பாதிச் சாலையாவது நிற்கும். காவலை நிறுத்தினால் நேற்று வரை காத்ததும் சேர்ந்து போகும். யானையின் கர்ப்பம் 22 மாதம். இரண்டு நிதியாண்டு ஓடினால்தான் ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு இடைவெளி. ஒரு காவலருக்கு மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் குடும்பத்தைப் பார்க்க வேறு வேலைக்குப் போவார், போயே ஆக வேண்டும். அந்தப் பகுதியின் ஓடை, குகை, கண்ணி வைக்கும் ஆட்களின் பெயர் எல்லாம் அவரோடு போய்விடும். தந்தம் வாங்குகிறவரிடம் 90 நாள் நிறுத்தம் என்று எதுவும் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் 2014-இல் ஒரே ஆண்டில் 1,215 காண்டாமிருகங்கள் வேட்டையாடப்பட்டன. பெரும் செலவுக்கும் உயிர்ப்பலிக்கும் பிறகு 2024-இல் அது 420 ஆகக் குறைந்தது. பத்து ஆண்டு பிடித்த இறக்கம் அது.

ஒரு நாடு விலகினால் இவ்வளவும் ஆடிப்போகிறது என்றால், தவறு விலகிய நாட்டோடு முடிவதில்லை. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கணக்கு இருக்கிறது. வளரும் நாடுகளின் உயிரினப் பாதுகாப்புக்குப் பணக்கார நாடுகள் 2025-க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலரும், 2030-க்குள் 3,000 கோடி டாலரும் தர வேண்டும். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படி 2022-இல் வந்து சேர்ந்தது சுமார் 1,540 கோடி; உயிரினப் பாதுகாப்பு துணை நோக்கமாக மட்டும் இருக்கும் திட்டங்களையும் சேர்த்து எண்ணிய தொகை அது. அதே மாண்ட்ரியல் ஒப்பந்தம், இயற்கையை அழிக்கும் மானியங்களை 2030-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 கோடி டாலர் அளவுக்குக் குறைக்கச் சொல்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலை வழித்தெடுக்கும் மீன்பிடிக் கப்பல்களுக்கும் காட்டை வெட்டும் விவசாயத்துக்கும் அரசுகள் கொடுப்பதில் ஒரு துண்டை மாற்றினாலே காட்டுக்கான பணம் வந்துவிடும். பணம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

பூடான் போட்ட கணக்கு

நிற்காத பணத்துக்கு வழி இருக்கிறது. நம் பக்கத்து வீட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். காடு 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த பூடான், 1991-இலேயே சுற்றுச்சூழலுக்கென்று ஓர் அறக்கட்டளை நிதியை நிறுவியது; உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் அதற்கு 1 கோடி டாலர் கொடுத்தது. 2017-இல் அடுத்த அடி வைத்தார்கள். 14 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தீட்டி, கொடையாளர்களிடமிருந்து 4.3 கோடி டாலர், பூடான் அரசிடமிருந்து 7.5 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். மொத்தப் பணத்துக்கும் உறுதி கிடைத்து எல்லாரும் சேர்ந்து ஒப்பந்தம் முடிக்கும் வரை ஒருவர் பணமும் வெளியே வராது. தொடக்க ஆண்டுகளில் வெளிப்பணம் அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்து, அரசின் பங்கு ஏறும். கடைசி ஆண்டில் அரசே முழுச் செலவையும் ஏற்கும். அமேசானில் 6 கோடி ஹெக்டேர் காட்டுக்கு பிரேசில் 2014-இல் செய்த ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கொடுக்கும் நாட்டில் ஆட்சி மாறினாலும் தொடக்கத்திலேயே கட்டிய பணத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது. வாங்கும் நாடும் என்றைக்கும் கையேந்தி நிற்பதில்லை.

நம் பங்கு

இந்தியா இந்தக் கதையில் வாங்கும் பக்கத்திலேயே இருந்த நாடு என்று நினைத்தால் தவறு. 1973-இல் புலித் திட்டம் தொடங்கியபோது உலக வனவிலங்கு நிதியம் 10 லட்சம் டாலர் திரட்டித் தர முன்வந்தது. நல்ல உதவிதான். ஆனால் அன்று முதல் இன்று வரை காப்பகங்களைச் சுமந்து நிற்பது நம் அரசுகளின் பட்ஜெட். 2006-இல் 1,411 என்று அஞ்ச வைத்த புலிகளின் எண்ணிக்கை 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆக மதிப்பிடப்பட்டது. அமெரிக்கப் பணம் நின்ற 2025-இல் நம் புலிக் காப்பகங்கள் மூடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

இனி கொடுக்கும் பக்கத்திலும் இந்தியா நிற்க வேண்டும். தொடங்கியும் இருக்கிறது. புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா என்ற ஏழு பெரும்பூனைகளுக்கான சர்வதேசக் கூட்டணியை 2023 ஏப்ரலில் மைசூரில் பிரதமர் அறிவித்தார். 2023-24 முதல் 2027-28 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 150 கோடி ரூபாய் கொடுக்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 30 கோடி. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. அமெரிக்கச் சட்டங்களின் சிறு மானியங்கள் செய்ததைப் பார்த்தால், சரியான கைக்குப் போகும் 30 கோடி நிறைய செய்யும். மாநாட்டு அரங்குக்கும் பிரதிநிதிகளின் விமானச் சீட்டுக்கும் போனால் எதுவும் செய்யாது.

எங்கே தொடங்கலாம் என்பதற்கு வரைபடமே வழி சொல்கிறது. மேகாலயாவின் யானைகள் வங்கதேசத்துக்குள் இறங்கி நெல்வயலில் நிற்கின்றன. இரு நாடுகளும் 2020 டிசம்பரில் அவற்றுக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. நேபாளத்தோடு வழித்தடங்கள் குறித்து 2022-இல் ஒப்பந்தம் ஆனது. கையெழுத்துகள் இருக்கின்றன, அவற்றின் பின்னால் எல்லைக்கு அப்பால் பயிரை இழந்த விவசாயிக்குப் போய்ச் சேரும் பணம் இருக்க வேண்டும். முதுமலை யானைகளின் பாதையைத் தெரிந்துகொள்ள அயல்நாட்டுப் பணம் நமக்கு உதவியது. வங்கதேசத்தின் ஷேர்பூர் பக்கத்து விவசாயிக்கு நம் பணம் உதவுவதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

கூட்டணிக்கான 150 கோடியின் கணக்கு 2028 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக் காவலரின் சம்பளத்துக்கு, புகார் வந்தால் எந்தக் குழு விசாரிக்கும் என்பதை அரசு அதற்கு முந்தைய பட்ஜெட்டிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்சி மாறினாலும் மாறாதபடி அதை நாடாளுமன்றத்தில் சட்டமாகவே நிறைவேற்றலாம். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்வி எழுப்ப வேண்டியவர்கள் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களிலும் இருக்கிறார்கள். நீலகிரி, கோவை, ஈரோடு, தேனி, தென்காசி என்று யானையும் புலியும் வாக்காளர்களின் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடமாடும் தொகுதிகளிலிருந்து போனவர்கள் அவர்களில் பலர்.